ஷெட்டில் கிடந்த 407 ரெக்கவரி வண்டியை மறுபடி ரோட்டில் இறக்க: அறிகுறி வாரியாக

இரண்டு மூன்று வருடம் ஓடாமல் நின்ற டாடா 407 ரெக்கவரி வண்டிக்கு, அதாவது பழுதான காரை ஏற்றிப் போகும் வண்டிக்கு எழுதியது இது. சாயும் பெட், பி.டி.ஓ.வில் (கியர்பாக்ஸிலிருந்து சக்தி எடுக்கும் அமைப்பு) ஓடும் ஹைட்ராலிக் பம்ப், கேபினுக்குப் பின்னால் காரை ரோப்பால் இழுக்கும் விஞ்ச் உள்ள வண்டி. 407 வந்தது 1986-ல். இன்றும் எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் அதற்குச் சாமான் கிடைக்கிறது. அதனால்தான் இதைத் தேற்றுவது கட்டுப்படியாகும். மேலே உள்ள பாடி மட்டும் பட்டறைக்குப் பட்டறை மாறும். அந்த இடத்தில் உங்கள் வண்டியின் குழாய்களைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

நின்ற வண்டியைக் கெடுப்பது தேய்மானம் அல்ல. துரு, தண்ணீர், காற்று, காய்ந்த ரப்பர். ஆகவே இன்ஜினை இறக்க வேண்டும், டீசல் பம்பைக் கழற்ற வேண்டும் என்று முதல் நாளே சொல்பவரிடம் அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு வரி பாக்கி, எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி, ஃபைனான்ஸ் பதிவு, செலான் எல்லாவற்றையும் பாருங்கள். ஆர்.சி.யில் பாடி வகை என்ன என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சரக்கு வண்டி என்று பதிவாகி, மேலே ரெக்கவரி பெட் உட்கார்ந்திருந்தால் முதல் செலவு மெக்கானிக்குக்கு அல்ல, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைக்கு.

## சாவி போடும் முன்

டிப்ஸ்டிக்கை இழுங்கள். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அளவு கூடி டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்ப் டயஃப்ரமோ சீலோ போயிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஏர் ஃபில்டரைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜினை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நடுவில் இடித்து நின்றால் செல்ஃப் அடித்து உடைக்க வேண்டாம். நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மூடி அளவு இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் ஹெட்டைத் திறக்கும் பேச்சு.

அடுத்து டீசல் பம்பில் இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் லீவர். கேபிள் துருப்பிடித்து அது 'ஆஃப்' நிலையிலேயே நின்றுவிடும். கேபிளைக் கழற்றிவிட்டு லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள், விட்டால் தானாகத் திரும்ப வேண்டும்.

## சாவி திருப்பினால் சத்தம் இல்லை, அல்லது டிக் டிக் என்கிறது

பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது. வோல்ட் நன்றாக இருந்தும் டிக் மட்டும் கேட்டால் எர்த்தைப் பாருங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பேட்டரி மைனஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டார் பாடிக்கும் இடையே மீட்டரை வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கியர்பாக்ஸுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைக் கழற்றி, அடியில் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து மாட்டுங்கள். சொலினாய்டு, கார்பன் பிரஷ், பென்டிக்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு. மோட்டாரை இறக்கி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் ஒரே நாள் வேலை.

## செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் எடுக்கவில்லை

சைலன்சரைப் பாருங்கள்.

### புகையே வரவில்லை

டீசல் நாசிலுக்குப் போகவில்லை. பழைய டீசலை டேங்க் அடி பிளக்கைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும், இல்லாவிட்டால் கறுப்பாகக் கொழகொழவென்று ஒன்று மிதக்கும். இரண்டுமே டேங்கை முழுதாகக் காலி செய்ய வேண்டிய அறிகுறி. இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றுங்கள். டீசல் குழாயை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் தாமிர வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரில் டீசல் வெளியே கசியாது, காற்று மட்டும் உள்ளே இழுக்கும். அதனால்தான் அந்தக் குறை கண்ணில் படுவதில்லை.

பிறகு ஏர் எடுங்கள், அதாவது டீசல் வழியில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் ஸ்குரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். குமிழ் இல்லாமல் டீசல் வந்ததும் மூடுங்கள். அடுத்து பம்ப் மேல் உள்ள ஸ்குரூ, அதே முறை. கடைசியாக இரண்டு நாசில்களின் யூனியன் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடியுங்கள். டீசல் துப்பியதும் முறுக்குங்கள். ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் அடிக்கக் கூடாது, நடுவே இரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும். நட்டைத் தளர்த்தும்போது விரலை அங்கே கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

### வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் எடுக்கவில்லை

டீசல் போகிறது, எரியவில்லை. மெதுவாகச் சுற்றும் செல்ஃப்தான் முதல் காரணம். வேறொரு நல்ல பேட்டரியை இணைத்துப் பாருங்கள். அடுத்து நாசில். நான்கையும் கழற்றி நாசில் டெஸ்ட் செய்யும் கடையில் கொடுத்தால், ஒழுகுவது எது, பனிபோல் தெளிப்பது எது என்று உங்கள் கண்முன்னே காட்டுவார்கள். டேப்பட் கேப் (வால்வு இடைவெளி) பார்ப்பதும் இந்த நேரத்தில்தான். இவ்வளவுக்கும் மசியாவிட்டால் கம்ப்ரஷன் டெஸ்ட். அதற்குக் கருவியும் ஆளும் வேண்டும்.

## ஸ்டார்ட் ஆகிறது, சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது

டேங்கிலிருந்து வரும் வழியில் காற்றோ அடைப்போ இருக்கிறது. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, இன்ஜினுக்கு மேலே கட்டி, அதிலிருந்து ஒரு ஹோஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனில் விடுங்கள். அரை மணி நேரம் நிற்காமல் ஓடினால் பம்ப் மேல் குற்றமில்லை. டேங்க் உள்ளே இருக்கும் சல்லடை, துருப்பிடித்த குழாய், வெடித்த ரப்பர் ஹோஸ் என்று பின்னோக்கிப் போங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே குறைதான் வரும். மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கேனிலும் நின்றால் மட்டும் பம்ப் கடைக்குக் கொண்டுபோங்கள். டேங்க் ஓட்டையை வெல்டிங் வைக்கத் தெருமுனைப் பட்டறையில் கொடுக்கக் கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவி வெடிக்கும்.

## ஸ்டார்ட் ஆனதும் ஆர்.பி.எம். தானாக ஏறுகிறது

இன்லைன் பம்ப் உள்ள பழைய வண்டியில், நீண்ட நாள் நின்றதால் பம்ப் உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் துருப்பிடித்து முழு டீசல் நிலையில் சிக்கிக்கொள்ளும். அப்போது ஆக்ஸிலரேட்டரும் கேட்காது, சாவியும் கேட்காது. முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி வைத்து, இன்டேக் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு பலகையோடு ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். சத்தம் ஏற ஆரம்பித்தவுடன் மூட வேண்டும். கையோ துணியோ வைக்கக் கூடாது, உறிஞ்சி இழுத்துவிடும். இப்படி ஒரு தடவை ஏறினால் பிறகு நீங்களே தோண்டிப் பார்க்க வேண்டாம். பம்ப் கடை வேலை.

## பிரேக்

இன்ஜின் ஓடியதும் வண்டியை ஒரு ரவுண்டு எடுத்துப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். பிரேக் முடியும்வரை ஷெட்டை விட்டு நகர்த்தாதீர்கள். பழைய 407-ல் இருப்பது வாக்குவம் துணையுள்ள ஹைட்ராலிக் பிரேக். கிடந்த வண்டியில் அநேகமாக எல்லா ரப்பரும் போயிருக்கும்.

### பெடல் தரைவரை போகிறது

ரிசர்வாயர் காலியா? அப்படியானால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒவ்வொரு டயரின் உள்பக்கமும் ஈரமாக இருக்கிறதா பாருங்கள். ஈரம் இருந்தால் வீல் சிலிண்டர். எங்கும் ஒழுகாமல், பெடலை மிதித்து வைத்திருக்கையில் மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. ரப்பர் கிட் மட்டும் போட்டுச் சரிக்கட்டலாம் என்பார்கள். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், துருக்குழி தட்டுப்பட்டால் முழு சிலிண்டர்தான். குழியுள்ள சிலிண்டரில் புது ரப்பர் அதிக நாள் தாங்காது.

பிளீடிங்கை (பிரேக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவது) மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. எந்த பிரேக் ஆயில் என்று ரிசர்வாயர் மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். சீல் உடைக்காத டின் வாங்குங்கள். அவசரத்துக்கு என்று இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றிய வண்டியில் ரப்பர் எல்லாம் ஊதிப்போயிருக்கும். அதில் ஹோஸ் உட்பட அத்தனை ரப்பரையும் மாற்றாமல் தீராது.

### பெடல் கல் மாதிரி இருக்கிறது

வாக்குவம் இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்து முறை மிதியுங்கள். பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் அது கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஹோஸில் வெடிப்பு, ஒன்வே வால்வு, பூஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள். இந்த வண்டியில் வாக்குவம் பம்ப் டைனமோவின் முதுகில் உட்கார்ந்திருக்கும், இன்ஜின் ஆயிலில் ஓடும். அதன் சீல் போனால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கி காயிலை நனைக்கும். ஆக பிரேக்கும் இறுகும், சார்ஜும் குறையும். சார்ஜ் லைட் எரிகிறது என்று டைனமோவைக் கழற்றினால் உள்ளே கறுப்புச் சேறு இருக்கும். அப்போது டைனமோவை மட்டும் சரிசெய்து மாட்டினால் பணம் வீண். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

### ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கிறது

ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, பிடித்த சக்கரத்தின் பிளீட் நிப்பிளைத் திறந்து பாருங்கள். பீச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்பக்கம் ஊதி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் பிடிக்கிறது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் விடாவிட்டால் டிரம்மைக் கழற்றுங்கள்: துருப்பிடித்த பிஸ்டன், ஷூ ஒட்டியிருப்பது, பின் சக்கரமானால் ஹேண்ட் பிரேக் கேபிள்.

பின் ஆக்ஸில் மேலே கிளிப்பில் பிடித்திருக்கும் இரும்புக் குழாயைக் கிளிப்பைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். துரு தின்பது அந்தக் கிளிப்புக்கு அடியில்தான். குழாயை நடுவில் வெட்டி ஒட்டுப்போடக் கூடாது. முழு நீளமும் புதிதாக வளைத்துப் போட வேண்டும்.

## கிளட்ச் மிதித்தும் கியர் விழவில்லை

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் லிங்கேஜ் முழு தூரம் போகிறதா பாருங்கள். போனால், பிரேக் முடிந்த பிறகு, முன்னால் காலியான இடத்தில் இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். செகண்ட் கியர் போட்டு, கிளட்ச் மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு அழுத்துங்கள். பெரும்பாலும் டப்பென்று விட்டுவிடும். விடாவிட்டால் கியர்பாக்ஸ் இறக்க வேண்டும். இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், கூலி ஒன்றுதான்.

## சூடு ஏறுகிறது

ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், பிறகு ரேடியேட்டர் அடைப்பு. இந்த வரிசையே போதும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பட்டறை வழக்கம். செய்யாதீர்கள், வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பார்த்துவிட்டு மாற்றுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்கையில் விடாமல் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். அதற்கு ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்க வேண்டும்.

## ஸ்டியரிங் ஆட்டம், டயர்

முன் ஆக்ஸிலைத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். பேரிங் கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும், எப்படியும் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும்.

டயரில் பட்டன் (தேயாமல் மிஞ்சிய ரப்பர்) எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 3516 என்றால் 2016-ன் 35-வது வாரம். பக்கத்தில் வெடிப்போடிய டயர் காரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக லாயக்கில்லை. பின்னால் ஜோடி டயரில் ஒன்று புதுசு ஒன்று பழசு போட்டால் உயரமான டயர் மட்டும் பாரம் சுமந்து சூடேறும்.

## பெட் தொல்லைகள்

தூக்கிய பெட்டுக்கு அடியில் முட்டு வைக்காமல் தலையை நீட்டக் கூடாது. ஆயில் அழுத்தத்தை நம்பவே கூடாது. முட்டு என்றால் பெட்டோடு வரும் இரும்புத் தாங்கி. மரக்கட்டையோ ஜாக்கியோ அல்ல.

### தூக்கவே இல்லை

கிளட்ச் மிதித்து, சில நொடி பொறுத்து, பி.டி.ஓ. போடுங்கள். பம்ப் ஷாஃப்ட் சுற்றுகிறதா? சுற்றாவிட்டால் கேபிளோ ஃபோர்க்கோ. சுற்றினால், சிலிண்டர் எல்லாம் உள்ளே போன நிலையில் ஆயில் அளவைப் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர், முழுதாக வடித்து, சல்லடையைக் கழுவி, புது ஹைட்ராலிக் ஆயில் விடுங்கள். பாடி கட்டியவர் வேறு சொல்லாவிட்டால் நம் வெயிலுக்கு 68 கிரேடு பொருந்தும். காலி பெட் தூக்கி, காரோடு தூக்காவிட்டால் எல்லாரும் ரிலீஃப் வால்வு (அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வு) ஸ்குரூவை முறுக்குவார்கள். பிரஷர் கேஜ் மாட்டாமல் அதைத் தொடாதீர்கள். பம்ப் தேய்ந்திருக்கும்போது முறுக்கிவைத்தால், புது பம்ப் போட்ட அன்றைக்கு ஹோஸ் வெடிக்கும்.

### விட்டு விட்டுத் தூக்குகிறது, ஆயில் நுரைக்கிறது

சக்ஷன் பக்கம் காற்று இழுக்கிறது. கிளாம்ப், உள்ளே மடிந்த சக்ஷன் ஹோஸ், பம்ப் ஷாஃப்ட் சீல். ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் ஆயில் விட்டுப் பாருங்கள். இழுக்கும் இடத்தில் ஊற்றியதும் சத்தம் மாறும். அழுத்தமுள்ள பக்கத்தின் கசிவைத் தேட அட்டைத் துண்டைக் காட்டுங்கள், கையை அல்ல.

### தூக்கி நிறுத்தினால் தானாக இறங்குகிறது

சிலிண்டர் ராடில் மார்க்கர் கோடு போட்டு, லீவரை நியூட்ரலில் விட்டு, பத்து நிமிடம் பாருங்கள். கோடு நகர்ந்தால் பிஸ்டன் சீலோ கன்ட்ரோல் வால்வோ கசிகிறது. எது என்று அறிய, பெட்டை முழுதாக இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவரை இருபக்கமும் ஆட்டி அழுத்தத்தை விடுங்கள். சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைக் கழற்றி வாளியில் விடுங்கள். இப்போது ஸ்டார்ட் செய்து, லீவரை 'இறக்கு' பக்கம் கொஞ்சமாக அழுத்துங்கள். திறந்த சிலிண்டர் வாயிலிருந்து ஆயில் தொடர்ந்து வந்தால் சீல். வராவிட்டால் வால்வு. சீல் மாற்றுவது ஹைட்ராலிக் கடைக்கு அரை நாள் வேலை. ராடில் குரோம் உரிந்திருந்தால் ராடையும் மாற்றச் சொல்வார்கள், அது நியாயம்தான்.

உள்ளூரில் கட்டிய பல பாடிகளில் சிலிண்டர் வாயில் லாக் வால்வு இருக்காது. ஹோஸ் வெடித்தால் பெட் தடாலென்று விழும். சிலிண்டரைக் கழற்றும் நாளிலேயே அதைப் போடச் சொல்லுங்கள்.

### பெட் கோணலாக உட்காருகிறது

பின் பிவட் பின், புஷ், அதைத் தாங்கும் சப்ஃப்ரேம் (சேசிஸ் மேல் உட்காரும் பெட் சட்டம்) மூலை. பெயிண்டைச் சுரண்டி, துரு கோடாக இறங்கும் இடத்தைப் பாருங்கள், விரிசல் அங்கேதான். சேசிஸுக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவில் வைத்த மரம் மக்கி, யூ போல்ட் தளர்ந்திருக்கும். மரத்தை மாற்றிவிட்டு முறுக்குங்கள். சப்ஃப்ரேம் விரிசலை வெல்டிங் வைக்கலாம், பேட்டரி முனைகளையும் டைனமோ ஒயரையும் கழற்றிய பிறகு. சேசிஸ் ரெயிலின் மேல், கீழ் விளிம்பில் வெல்டிங்கும் கூடாது, டிரில்லும் கூடாது. அங்கே விரிசல் இருந்தால் சேசிஸ் வேலை தெரிந்த பாடி பில்டரிடம் மட்டும்.

## விஞ்ச் ரோப்

எலக்ட்ரிக் விஞ்ச் டிக் என்று மட்டும் சொன்னால் முதலில் எர்த் கேபிள். கார் இழுக்கும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும், மெல்லிய ஒயர் தாங்காது. ரோப்பை முழுதாக வெளியே இழுத்துத் துணியால் பிடித்துத் தடவுங்கள், வெறுங்கை வேண்டாம். ஒரு முறுக்கு நீளத்துக்குள் ஆறு இழை அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ, கூண்டுபோல் விரிந்திருந்தாலோ, மடிந்து முடிச்சு விழுந்திருந்தாலோ ரோப்பை மாற்றுங்கள். கொக்கி முனையில் யூ கிளிப் போட்டிருந்தால் கிளிப்பின் சேணம் (நட்டு முறுக்கும் அடிப்பாகம்) பாரம் இழுக்கும் ரோப் மேலும், யூ வளைவு வெட்டிய வால் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டிருக்கும் வண்டிகள் ஏராளம். டிரம்மில் எப்போதும் ஐந்து சுற்றாவது மிஞ்ச வேண்டும்.

## எஃப்.சி.யில் திருப்பி அனுப்புகிறார்கள்

எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. ஒரு வருடத்துக்குத்தான். புகைச் சான்று பி.எஸ். 3 மாசு விதி வரையான வண்டிக்கு ஆறு மாதம். புகை கூடினால் முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து நாசில், கடைசியில் பம்ப் கலிபரேஷன். சோதனைக்கு முன் வண்டியை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு போங்கள்.

ரிஃப்ளெக்டர் டேப் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். பெட் சாயும்போது உரசும் இடத்தில் ஒட்டினால் முதல் லோடிலேயே உரிந்துவிடும். பின் விளக்கு ஒயர் பெட்டோடு மடங்கும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கும். பெட்டைத் தூக்கியும் இறக்கியும் இரண்டு நிலையிலும் விளக்கு போட்டுப் பாருங்கள்.

ஏற்றக்கூடிய பாரம் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை, காலி எடை இரண்டின் வித்தியாசம். இரும்பு பெட் அதில் பெரும்பங்கைத் தின்றிருக்கும். பதிவான காலி எடை பெட் போடுவதற்கு முந்தியதாக இருந்தால் எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். ஸ்விஃப்ட் தாராளமாகப் போகும் வண்டியில் 1,800 கிலோவை ஒட்டிய இன்னோவா கிரிஸ்டா போகும் என்று வைத்துக்கொள்ள முடியாது.

சேசிஸ் எண் துருவில் மறைந்திருந்தால் டீசல் தொட்ட துணியும் மென்மையான பித்தளை பிரஷும் மட்டும். கிரைண்டர் வைத்த தடம் தெரிந்தால் ஆய்வாளர் எண்ணைத் திருத்தியதாகவே எடுத்துக்கொள்வார். படிக்கவே முடியாத அளவுக்குத் தின்றிருந்தால் எதையும் தொடாமல், அப்படியே போட்டோ எடுத்து, எழுத்துப்பூர்வமாக ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து, அவர்கள் அனுமதியோடு மறு எண் பொறிக்க வேண்டும்.